ஊதல்பெட்டியின் பச்சை விளக்கு

"நாளைக்கு மூச்சு விடுறதுக்கும் ஆள் வெச்சுக்குவியா?"

அண்ணியின் மாமியார் ஒருமுறை அவளிடம் இப்படிக் கேட்டார். அண்ணி துப்பறியும் அலுவலகம் திறந்து, உதவிக்குத் தன் கொழுந்தனையே சம்பளத்துக்கு வைத்துக்கொண்ட நாள் அது. ஆறு வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, மேசைமேல் கிடந்த இரண்டு காகிதங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. கொழுந்தன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெரு முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. பதிலுக்குத் தெரு அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது. நல்ல பெயர்தான். அணைக்கிற பொத்தான் மட்டும் கிடையாது.

எதிர் நாற்காலியின் நுனியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கல் பட்டறையில் பாலிஷ் போடுகிறவரின் மனைவி. கீழே சாவிக்கடையில் சாவி ராவுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தோள் லேசாகத் தூக்கிப்போட்டது. அந்தச் சத்தத்தை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அண்ணி கவனித்துவிட்டு, எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

அந்தப் பெண் சொன்ன கதை இது. சமையல் மேடைக்குப் போடுகிற கல் பலகைகளை அறுத்து, பாலிஷ் போட்டு அனுப்புகிற பட்டறை அது. அவள் கணவர் அங்கே பதினான்கு வருடம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் வெள்ளையாக இருக்கும். கழுவினால் போய்விடும். உள்ளே போனது போகவில்லை. நாலு மாதமாக அவரால் வீட்டுப் படி ஏற முடியவில்லை. படுத்தால் இருமல், அதனால் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரலில் கல்தூள் படிந்திருக்கிறது, இனிமேல் அந்தத் தூசிப் பக்கமே போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் போன மாதம் பட்டறை ஒரு புதுப் பெட்டி வாங்கியது. குழாயில் ஊதினால், மூச்சில் நோய் இருக்கிறதா என்று உள்ளே இருக்கும் சென்சார் மோந்து பார்த்துச் சொல்லிவிடும். பச்சை எரிந்தால் நோய் இல்லை. சிவப்பு எரிந்தால் உண்டு. ஆட்கள் அதற்கு ஊதல்பெட்டி என்று பெயர் வைத்தார்கள். நாற்பத்தொரு பேர் ஊதினார்கள். நாற்பத்தொன்றும் பச்சை. இன்று இரண்டு மணி ஷிப்டுக்கு வராவிட்டால் வேலை இல்லை என்று, விடுப்பில் இருக்கிற அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது.

"அவரு போயிருவாரு அக்கா," என்றாள். "நான் சொன்னா கேக்கல. 'டாக்டர் மனுஷன், தப்பு பண்ணுவான், மெஷினுக்கு என்மேல என்ன கோவம், அது ஏன் பொய் சொல்லணும்'ங்குறாரு. நான் நல்லாத்தான் இருக்கேன்னு இருமிக்கிட்டே சொல்றாரு."

"மெஷின் பொய் சொல்லல," என்றாள் அண்ணி.

ரேடியோ திரும்பிப் பார்த்தான். அண்ணியின் குரல் இறங்கியிருந்தது. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும். அண்ணிக்கு இறங்கும். கிணற்றில் வாளி போகிற மாதிரி இறங்கிக்கொண்டே போகும். தரை தட்டும்போது எதிரில் இருக்கிறவர் ஓடிவிட வேண்டும்.

முதல் காகிதம், பெட்டி துப்பிய சீட்டு. பஸ் டிக்கெட் அகலம். அதில் பாலிஷ்காரரின் எண்ணும் இரண்டு வரிகளும் இருந்தன. மேல் வரி பெரிய எழுத்தில்: நுரையீரல், பச்சை. கீழ் வரி எறும்பு எழுத்தில்: சிறுநீரகம், 7.2, மஞ்சள், கவனிக்க.

இரண்டாவது காகிதம், ஆஸ்பத்திரி கொடுத்தது. நுரையீரல் மோசம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகம் இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன.

"பெட்டியில நுரையீரல் நல்லாருக்கு, கிட்னி சரியில்ல. ஆஸ்பத்திரியில கிட்னி நல்லாருக்கு, நுரையீரல் சரியில்ல," என்று ரேடியோ விரல்விட்டுச் சொல்லிப் பார்த்தான். "ஒரே ஆளை மேலேயும் கீழேயும் மாத்தி மாட்டிட்டாங்களா அண்ணி?"

"ஒரே ஆள் இல்ல."

அண்ணி துப்பறிய வருவதற்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் சிறுநீரக வார்டில் பதினொரு வருடம் படுக்கை மாற்றியவள். சிறுநீரகம் கெட்டவர்களின் மூச்சில் ஒரு வாடை வரும். கழிவறை கழுவிய வாளியை மூடி வைத்துத் திறந்த மாதிரி. டாக்டர்கள் ரத்தம் எடுத்துக் கண்டுபிடிப்பதற்கு முன்னால், தலையணை உறை மாற்றுகிறவளுக்குத் தெரிந்துவிடும். பெட்டிக்கும் அந்த மூக்குதான் வைத்திருக்கிறார்கள்.

"இந்தச் சீட்டுல இருக்குற மூச்சு உங்க வீட்டுக்காரரோடது இல்லம்மா," என்றாள். "அவர் பேர்ல வேற யாரோ ஊதியிருக்காங்க."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அவர்தானே போய் ஊதினார், சொன்னாரே என்றாள். ரெண்டு மூணு தடவை பெட்டி கத்தியதாம். அப்புறம் சரியாகிவிட்டதாம். பச்சை வந்ததும் வீட்டுக்குப் பிஸ்கட் வாங்கி வந்தாராம்.

ரேடியோ இரண்டு காகிதத்தையும் மறுபடி பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "மூச்சு விடுறதுக்கும் ஆள் வெச்சுக்குவியான்னு அம்மா கேட்டாங்களே. எவனோ வெச்சுட்டான் அண்ணி."

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணிக்கு இன்னும் மூன்றேகால் மணி நேரம் இருந்தது.

*

பன்னிரண்டே முக்காலுக்கு இருவரும் பட்டறை வாசலில் இறங்கினார்கள். ரேடியோ நீலச் சட்டை போட்டுக் கையில் தன் பழைய டூல்ஸ் பெட்டியை வைத்திருந்தான். ஊதல்பெட்டிக்கு மாதாந்திரச் சுத்தம் செய்ய வந்தவர்கள் என்று வாசலில் சொல்லச் சொல்லியிருந்தாள் அண்ணி.

"நான் பைக் மெக்கானிக் அண்ணி. மூச்சு மெக்கானிக் இல்ல."

"ரெண்டுலயும் காத்துதான் விஷயம். வா."

பாலிஷ்காரரின் மனைவி வாசலுக்கு எதிரே, மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

மேனேஜரின் அறைக்குப் போக அறுப்புக் கொட்டகையைத் தாண்ட வேண்டியிருந்தது. அண்ணி அதற்குள் இருந்தது அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்தில் அவள் புடவையின் நிறம் மாறிவிட்டது. கல் அறுக்கும் சக்கரத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. தண்ணீர் விட்டால் வேலை மெதுவாக நடக்குமாம். ஒரே ஒரு மின்விசிறி, இந்த மூலைத் தூசியை அந்த மூலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஆட்கள் வாயில் துணி கட்டியிருந்தார்கள். நடுவில் அடுக்கி வைத்த கல் பலகைகள் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தன. யார் வீட்டு அடுப்பு மேடைக்கோ.

மேனேஜரின் அறையில் காற்றைச் சுத்தம் செய்கிற எந்திரம் இரண்டு இருந்தது. ஒன்று நாற்காலிக்கு வலதுபுறம், ஒன்று இடதுபுறம்.

அண்ணி அந்த இரண்டையும் பார்த்தாள். தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். சத்தம் போடுகிற பெண்ணை வெளியே அனுப்புவது சுலபம். சத்தம் போடாதவளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது.

மேனேஜர் வாயில் புதினா மிட்டாய் அதக்கியிருந்தார். அவர்கள் நின்ற இரண்டு நிமிடத்தில் இன்னும் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டார். பேசும்போது கையால் வாயை மறைத்தார். சீக்கிரம் முடியுங்கள், இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறுகிறது, அதற்குமேல் அந்த அறையில் நிற்கக்கூடாது என்றார். பெட்டியைப் பற்றிக் கேட்டதற்கு, அருமையான பெட்டி, வந்த அன்றிலிருந்து ஒரு சிவப்புகூடக் காட்டவில்லை என்று பெட்டியைப் பாராட்டினார்.

வெளியே வந்ததும் ரேடியோ காதோடு சொன்னான். "இவன்தான் அண்ணி. வாயில வாடை இல்லாதவன் எதுக்கு மிட்டாயை முறுக்கு மாதிரி தின்னுட்டு இருக்கான்? கிட்னி வாடையை மறைக்கிறான். பந்தயம் கட்டுறேன்."

"என்ன பந்தயம்?"

"நான் தோத்தா சாயங்காலம் வரைக்கும் பேச மாட்டேன்."

"நீ தோக்கணும்னு வேண்டிக்கிறேன்," என்றாள் அண்ணி.

*

முதலுதவி அறை கொட்டகைக்கு மறுபுறம் இருந்தது. அங்கே இருந்தவரை எல்லோரும் கம்பவுண்டர் என்றார்கள். ஐம்பது வயது. மெல்லிய குரல். வந்தவர்கள் யார் என்று கேட்பதற்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார். பிளாஸ்கிலிருந்து இருவருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். அவருடைய டீ மேசை ஓரத்தில் ஆடை கட்டி ஆறிக் கிடந்தது. குடிக்கவில்லையா என்று ரேடியோ கேட்டதற்கு, இப்போதெல்லாம் எதைக் குடித்தாலும் இரும்பை நக்கின மாதிரி இருக்கிறது, வயசாகிறது என்று சிரித்தார்.

இரண்டு அறுப்புக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் விரலைக் கீறிக்கொண்டிருந்தான். கம்பவுண்டர் எழுந்து, பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி கட்டுப் போட்டு அனுப்பினார். பட்டறை முழுக்க பூட்ஸ் போடாதவனுக்கு வேலை இல்லை என்று சுவரில் எழுதியிருக்க, அவர் மட்டும் ரப்பர் செருப்பில் நடந்தார். செருப்பின் வார் பாதத்தில் அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தது.

ஊதல்பெட்டி சுவரை ஒட்டிய மேசையில் இருந்தது. அரிசி டப்பா உயரம். முன்னால் ஒரு குழாய், மேலே ஒரு விளக்கு, சின்னக் கண்ணாடியில் எழுத்து வரும் இடம். ஆளுக்கு ஒரு புது வாய்க்குழல் மாட்டி ஊத வேண்டும். பக்கத்தில் நாற்பத்தொரு பேரின் சீட்டுகளும் ஒரு கோப்பில் வரிசையாகத் தைத்திருந்தன.

ரேடியோ பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, பைக் கார்ப்பரேட்டரைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி கோப்பைப் புரட்டினாள். மேல் வரி எல்லாம் பச்சை. அவள் கீழ் வரியை மட்டும் படித்தாள்.

இருபத்திரண்டு சீட்டில் கீழ் வரியில் பிரச்சினை இல்லை. பத்தொன்பதில் மஞ்சள். 7.2, 7.1, 7.3, 7.2, 7.2.

"பத்தொம்போது பேருக்கும் ஒரே அளவுல கிட்னி கெட்டிருக்கா?" என்று முணுமுணுத்தான் ரேடியோ. "கூட்டுக் குடும்பம் கேள்விப்பட்டிருக்கேன். கூட்டுக் கிட்னி இப்பதான் பாக்குறேன். தண்ணியில ஏதாவது?"

தண்ணீராக இருக்க முடியாது. பட்டறைக்கு ஒரே குழாய்தான். அண்ணி எண்களை மேசைமேல் இருந்த பதிவேட்டின் ஆட்களோடு ஒப்பிட்டாள். மஞ்சள் வந்த பத்தொன்பது பேரும் அறுப்பு, பாலிஷ் கொட்டகை. பேக்கிங்கிலும் வண்டி ஓட்டுகிறவர்களிலும் ஒருவர்கூட இல்லை. அந்தக் கொட்டகைக்குள் யாருக்கு நோய் வர வேண்டுமோ அவர்கள் பெயரில் மட்டும் வேறு யாரோ ஊதியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருந்தது. சீட்டின் தலையில் 'முயற்சி' என்று ஓர் எண். இருபத்திரண்டு நல்ல சீட்டிலும் முயற்சி 1. பத்தொன்பது மஞ்சள் சீட்டிலும் முயற்சி 4.

அது ஏன் என்று அண்ணிக்கு அப்போது தெரியவில்லை. முதலில் மூச்சின் சொந்தக்காரரைப் பிடிப்போம் என்று நினைத்தாள். சுத்தம் செய்த பிறகு சோதனைக்கு ஒருவர் ஊத வேண்டும், பொறுப்பானவராக இருந்தால் நல்லது என்று மேனேஜருக்குச் சொல்லியனுப்பினாள். பொறுப்பானவர் என்றதும் மேனேஜர் உடனே வந்தார். மிட்டாயைத் துப்பச் சொன்னதற்கு முகம் சுளித்தார். ஊதினார். ஒரே மூச்சில் ஊதி முடித்தார். பச்சை. சீட்டு வந்தது. சிறுநீரகம் 1.1. முயற்சி 1.

அவர் மூச்சில் அடித்தது சிகரெட் நாற்றம். மாமனார்தான் பட்டறை முதலாளி என்றும், மாமனாருக்குச் சிகரெட் ஆகாது என்றும், அவர் போன பிறகு கம்பவுண்டர் தயக்கத்தோடு சொன்னார்.

ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டான். பந்தயம் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. "சாயங்காலம்னா எந்த ஊர் சாயங்காலம்னு நாம பேசிக்கல அண்ணி," என்று சொல்லிவிட்டு, இன்னொரு வாய்க்குழலை மாட்டித் தானும் ஊத ஆரம்பித்தான். பாதி ஊதும்போதே தன் பேச்சுக்குத் தானே சிரித்துவிட்டான். மூச்சு அறுந்தது.

பெட்டி வீறிட்டது. பால் கேட்கிற குழந்தை மாதிரி, காது கூசும்படி. கண்ணாடியில் எழுத்து ஓடியது: மூச்சு போதவில்லை. மீண்டும் ஊதவும்.

அண்ணி அந்த எழுத்தை இரண்டு தடவை படித்தாள். பாலிஷ்காரருக்கும் பெட்டி ரெண்டு மூணு தடவை கத்தியதாம், அப்புறம் சரியாகிவிட்டதாம்.

"எவ்வளவு நேரம் ஊதணும்?" என்று கேட்டாள்.

"பன்னண்டு செகண்ட்ங்க," என்றார் கம்பவுண்டர். "விடாம, ஒரே சீரா ஊதணும். நடுவுல விட்டா கத்தும்."

"நீங்க ஊதுங்க."

"நானா?"

"ஆமா. நீங்கதான்."

கம்பவுண்டர் தன் செருப்பைப் பார்த்தார். வெளியே பெஞ்சில் ஷிப்டுக்கு வந்தவர்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். விடுப்பிலிருந்து திரும்புகிறவர் முதலுதவி அறைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கொட்டகைக்குள் போக வேண்டும். வரிசையில் முதலில் இருந்தவர் ஒல்லியாக, கையில் தூசி முகமூடியோடு, இரண்டு படி ஏறி வந்ததற்கே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் யாரென்று அண்ணிக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

கம்பவுண்டர் ஊதினார். கன்னம் உப்பவில்லை, கண் பிதுங்கவில்லை. ஒரே சீராக, பன்னிரண்டாவது செகண்டில் சரியாக நிறுத்தினார். பல தடவை ஊதிப் பழகிய வாய். பச்சை எரிந்தது. அண்ணி சீட்டைக் கிழித்தாள்.

நுரையீரல், பச்சை. சிறுநீரகம், 7.2.

அதைக் கோப்பின் மேல் வைத்தாள். "பத்தொம்போது பேருக்கு ஊதியிருக்கீங்க," என்றாள். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

கம்பவுண்டர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அண்ணிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தெரிந்த ஒருவருக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். கொட்டகையிலிருந்து ஓர் ஆள் வந்தால் ஆறு நிமிடத்துக்குமேல் விடமாட்டார்கள். சூப்பர்வைசர் வாசலில் நின்று கத்துவார். அவர்களால் பன்னிரண்டு செகண்ட் ஊத முடியவில்லை. பெட்டி வீறிடும். மறுபடி ஊதுவார்கள், மறுபடி வீறிடும். மூன்றாவது தடவைக்குள் பெரிய ஆம்பிளைகள் வியர்த்து நடுங்கிப்போவார்கள். மேனேஜரிடம் போய்ச் சொன்னார். 'சிவப்பு வந்தா மட்டும் என்கிட்ட வா. சத்தத்தை எல்லாம் தூக்கிட்டு வராதே. வெள்ளிக்கிழமைக்குள்ள நாப்பத்தொரு சீட்டும் என் மேசைக்கு வரணும்' என்றார் மேனேஜர்.

"பாவமா இருந்துச்சும்மா. 'நீங்க போங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்'னு அனுப்பிட்டு, நாலாவது தடவை நான் ஊதி முடிச்சுக் குடுத்தேன். ஊத முடியலங்கறது ஒரு நோயா? மெஷினுக்கு வேணுங்கறது காத்துதானேன்னு நெனச்சேன். உதவின்னு நெனச்சுத்தான் செஞ்சேன்."

அண்ணி ஊதல்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, மேசையில் கீறல் விழுகிற மாதிரி அரை வட்டம் திருப்பினாள். வயர் இழுபட்டது. இத்தனை நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முதுகில் ஒரு வெள்ளை அட்டை ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம்தான் ப்ளக் இருந்ததால் பெட்டியை அப்படி வைத்திருக்கிறார்கள். யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

"படிங்க," என்றாள்.

கம்பவுண்டர் குனிந்தார். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அண்ணியே படித்தாள். வாசலில் நிற்கிறவருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"மூன்று முறை ஊதியும் ஒலி எழுந்தால், ஊதியவரின் நுரையீரலில் கோளாறு இருக்கலாம். அவரை உடனே மருத்துவரிடம் அனுப்பவும்."

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வாசலுக்கு வந்தார்கள்.

"சிவப்பு வரலன்னு சந்தோஷப்பட்டீங்க எல்லாரும்," என்றாள் அண்ணி. "அந்தப் பெட்டி இருக்குறதுலயே பெரிய சிவப்பைத்தான் கத்திக் கத்திச் சொல்லிச்சு. யாருக்கு மூச்சு இல்லையோ அவங்களைப் பாத்துப் பொறுக்கி, உங்க மூச்சைக் குடுத்து வாயடைச்சுட்டீங்க. பத்தொம்போது பேரையும் பச்சைன்னு சொல்லி அதே தூசிக்குள்ள அனுப்பிட்டீங்க. இதுக்குப் பேரு உதவியா?"

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். நீங்கள் யார், சுத்தம் செய்ய வந்தவர்கள் மாதிரித் தெரியவில்லையே என்றார்.

"வெளியில உக்காந்திருக்குற ஒரு பொண்ணோட புருஷன் மூச்சைத் தேடி வந்தோம்," என்றாள் அண்ணி. கோப்பின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பெட்டி வந்த அன்று கொடுத்த ரசீது. 'பின்புற எச்சரிக்கை உட்பட அனைத்தும் விளக்கப்பட்டது, புரிந்துகொண்டேன்' என்ற வரிக்குக் கீழே மேனேஜரின் கையெழுத்து, வால் நீட்டிச் சுழித்தது, இருந்தது.

மேனேஜர் அதைப் பார்த்தார். பிறகு கம்பவுண்டரைப் பார்த்துக் கையை நீட்டினார். ஊதினது இந்த ஆள், நான் இல்லை, இன்றைக்கே இவனை வெளியே அனுப்புகிறேன் என்றார்.

"அனுப்புங்க. அவருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றாள் அண்ணி. "ஊதினது அவரு. ஊத வெச்சது யாருன்னு தொழிலாளர் ஆபீசர் வந்து கேப்பாரு. பத்தொம்போது சீட்டும், உங்க கையெழுத்தும், ஆணியில மாட்டி வெச்சிருக்குற தண்ணிக் குழாயும் கால் மணி நேரத்துக்கு முந்தியே போட்டோவா அவருக்குப் போயாச்சு."

ரேடியோ போனை உயர்த்திக் காட்டினான். மேனேஜர் போனைப் பிடுங்க ஓரடி வைத்தார். வாசலில் நின்ற ஆட்கள் ஓரடி வைத்தார்கள். மேனேஜர் தன் இரண்டு காற்று எந்திரத்தின் நடுவே உட்காரப் போய்விட்டார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அண்ணி கம்பவுண்டரின் பக்கம் திரும்பினாள். அவர்மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. அது அவள் கோபத்தை இன்னும் கூட்டியது. கெட்டவனை வெறுப்பது எவ்வளவு லேசான வேலை.

"டீ இரும்பா இருக்குறதும், காலு பூட்ஸுக்குள்ள போகாததும் வயசு இல்ல. கிட்னி. இந்தக் கீழ் வரியை நீங்க பாக்கவே இல்லையா?"

"பாத்தேன். பெட்டிக்கே அப்படி ஒரு கோளாறுன்னு நெனச்சேன். எப்பவும் ஏழுதான் காட்டும்."

"எப்பவும் இல்ல. நீங்க ஊதினா மட்டும். பத்தொம்போது தடவை உங்ககிட்டயே சொல்லிருக்கு. இன்னிக்கே போங்க. நான் வேலை பாத்த வார்டுக்குச் சீட்டு எழுதித் தரேன்."

கம்பவுண்டர் அவள் சொன்னதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலிஷ்காரர் நிலையை விட்டுவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே கையெழுத்து இடம் காலியாக இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. டப்பாவிலிருந்து ஒரு புது வாய்க்குழலை எடுத்தார். பெட்டியை யாரும் திரும்பச் சுவர்ப் பக்கம் வைக்கவில்லை, அதனால் சுற்றிப் போய்க் குழாயைத் தேடி மாட்டினார். யாரும் தடுக்கவில்லை.

ஊதினார். நாலு செகண்ட். பெட்டி வீறிட்டது.

நின்றார். நெஞ்சைக் கையால் தேய்த்துவிட்டுக்கொண்டார். மறுபடி ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது. மூன்று செகண்ட். வீறிட்டது.

"போதும்ணே," என்றார் கம்பவுண்டர்.

மூன்றாவது தடவை அவரால் குழாயை உதட்டில் பிடிக்கவே முடியவில்லை, இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, துடைத்துக்கொண்டு, அப்படியும் ஊதினார். பெட்டி மூன்றாவது முறையும் கத்தியது. கொட்டகையில் சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்ததால் அந்தச் சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. அது ஓய்வதற்குள் இரண்டு மணிச் சங்கு ஊதியது.

பாலிஷ்காரர் வாய்க்குழலைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். கையில் இருந்த முகமூடியைப் பதிவேட்டின்மேல், தன் பெயர் மறைகிற மாதிரி வைத்தார்.

கம்பவுண்டர் எழுந்துவிட்டார். "அண்ணே. ஏதாவது சொல்லிட்டுப் போங்கண்ணே. திட்டியாவது போங்க."

பாலிஷ்காரர் அவரைப் பார்த்தார். ஆறிப்போன டீயைப் பார்த்தார். குனிந்து, கம்பவுண்டரின் செருப்பையும் அதற்குள் பிதுங்கிக் கிடந்த பாதத்தையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். அறையிலிருந்து இறங்கினால் இடதுபுறம் கொட்டகை, வலதுபுறம் கேட். அவர் வலதுபுறம் திரும்பினார்.

கேட்டுக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். எதிர்க் கடைப் படியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. இருந்த மூச்சு நடக்கத்தான் சரியாக இருந்தது.